ஹேண்டில்பார் ரைசர்: ஏற்காடு இறங்கும்போது கை ஏன் மரத்துப்போகிறது?

ஏற்காட்டுக்கு ஏறும்போது கை வலிக்காது. இறங்கும்போதுதான் வலிக்கும். ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருக்கும் சேலத்துக்காரர்கள் பலரும் இதைத்தான் சொல்வார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி, கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு நிற்பவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். நானும் பல மாதங்கள் அப்படி நின்றிருக்கிறேன். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய்விடும். டீ கிளாஸைப் பிடித்தால் சூடு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் சொல்வார்: "ரைசர் போடுங்கண்ணா, எல்லாம் சரியாயிடும்." அவர் சொல்வது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. ரைசர் என்பது ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்த வைக்கும், கையளவுகூட இல்லாத ஓர் அலுமினியத் துண்டு. அதைப் பொருத்துவது எளிது. அதைப் பொருத்தியதால் வண்டியில் வேறு என்னவெல்லாம் மாறுகிறது என்று பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. ரைசர் என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்கிறேன்.

பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு மூன்று இடங்களில் வண்டியைத் தொடுகிறது: சீட், ஃபுட் ரெஸ்ட், ஹேண்டில்பார். இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். நம் எடையை எது எவ்வளவு தாங்குகிறது என்பதை இந்த முக்கோணத்தின் வடிவம்தான் தீர்மானிக்கிறது. ஸ்ப்ளெண்டர் மாதிரியான வண்டியில் ஹேண்டில்பார் உயரமாக, நம் பக்கமாக வளைந்து வரும். முதுகு நிமிர்ந்திருக்கும், எடை முழுக்க சீட்டில் இறங்கும், கைக்குத் திருப்புவது மட்டும்தான் வேலை. ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில்பார் தாழ்ந்து, தள்ளிப் போய், ஃபுட் ரெஸ்ட் பின்னால் ஏறியிருக்கும். உடம்பு முன்னால் சாய்கிறது. சாய்ந்த உடம்பை எதுவாவது தாங்க வேண்டுமே? இடுப்பும் தொடையும் தாங்காவிட்டால் உள்ளங்கைதான் தாங்கும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே எஞ்சினோடு இரண்டு வடிவங்களில் வரும் வண்டிகளைப் பார்த்தால் போதும். யமஹா ஆர்15, எம்டி-15 இரண்டிலும் அதே 155 சிசி எஞ்சின்தான். ஆர்15-இல், முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களைக் கவ்வும் தாழ்ந்த ஹேண்டில்பார். எம்டி-15-இல் ஒரே குழாயாக அகலமாக, உயரமாக வரும் ஹேண்டில்பார். ராயல் என்ஃபீல்டில் கான்டினென்டல் ஜிடி 650-க்கும் இன்டர்செப்டர் 650-க்கும் இடையிலும் இதே கதைதான். ஒன்றை ஓட்டிவிட்டு உடனே மற்றதில் ஏறி உட்கார்ந்தால், எஞ்சின் சத்தம் அதே, உடம்புக்கு மட்டும் வேறு வண்டி. நண்பர்களிடம் இந்த ஜோடிகளில் ஒன்று இருந்தால் அரை மணி நேரம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நான் பத்துப் பத்தியில் எழுதுவதைவிட அது நன்றாக விளக்கிவிடும்.

தாழ்ந்த ஹேண்டில்பார் ஒரு தவறான வடிவமைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். வேகமாகப் போகும்போது எதிர்காற்று நெஞ்சில் மோதி உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். கையிலிருந்து பாரம் குறையும். பந்தயத் தடத்துக்கு அந்த உட்காரும் முறை மிகவும் பொருத்தமானது. சேலம் ஐந்து ரோடு சந்திப்புப் பக்கம் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும்போது தாங்கிப் பிடிக்கக் காற்று இல்லை. உடம்பின் முன்பாரம் அப்படியே மணிக்கட்டில் இறங்குகிறது.

இப்போது மலை இறக்கத்துக்கு வருவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் பாதையில் 1,200 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். சாலை சரிவாக இருப்பதால் சீட்டே டேங்க் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கியரைக் குறைக்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடிக்கிறது, வளைவுக்கு வளைவு பிரேக் வேறு. ஒவ்வொரு முறையும் உடம்பு முன்னால் தள்ளப்படுகிறது. வேகமோ முப்பது நாற்பதுதான். எனவே தூக்கிப் பிடிக்கக் காற்றும் இல்லை. தலை ஏறக்குறைய ஐந்து கிலோ, ஹெல்மெட் ஒன்றரைக் கிலோ. அதைத் தூக்கிப் பிடித்து அடுத்த வளைவைப் பார்க்கக் கழுத்தும் பின்னால் வளைந்து நிற்கிறது. ஏறும்போது இதெல்லாம் தலைகீழ்: சரிவு நம்மைப் பின்னால் தள்ளுகிறது, எடை சீட்டுக்குப் போகிறது, கை சும்மா இருக்கிறது. தருமபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்திலும் இதே வலியைச் சிலர் உணர்ந்திருப்பார்கள்.

ஏன் குறிப்பாகச் சுண்டு விரலும் மோதிர விரலும்? முழங்கையிலிருந்து வரும் அல்நார் நரம்பு உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கமாக நுழைகிறது. மணிக்கட்டை மடக்கி அந்த இடத்தில் எடையைப் போட்டு அழுத்தினால் அந்த நரம்பு நசுங்கும். அது போய்ச் சேரும் விரல்கள் மரத்துப்போகும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்தால் அது வேறு நரம்பு: மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதும் எஞ்சின் அதிர்வும் அதைக் கிளறிவிடும். எந்த விரல் மரக்கிறது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் எதை மாற்ற வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும். வண்டியை விட்டு இறங்கி ஒரு நாள் ஆகியும் மரப்பு போகவில்லை என்றால் ரைசர் வாங்குவதை ஒத்திவையுங்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

ரைசரின் வேலை இந்த இடத்தில்தான் வருகிறது. ஹேண்டில்பாரைச் சில மில்லிமீட்டர் மேலே தூக்கி, கொஞ்சம் நம் பக்கம் கொண்டுவருவது. அவ்வளவுதான் அதன் வேலை. முதுகு ஒரு சில பாகை நிமிர்ந்தால் போதும், கையில் விழும் பாரம் கண்ணெதிரே குறையும்.

காசு செலவழிப்பதற்கு முன்னால்

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதிப் பேருக்கு ரைசர் தேவையே இல்லை. உட்காரும் முறையை மாற்றினால் போதும். ஆளில்லாத நேரான சாலையில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே முழங்கைகளைக் கோழி இறக்கை அடிப்பதுபோல் லேசாக ஆட்டிப் பாருங்கள். சுலபமாக ஆடினால் எடை கையில் இல்லை. ஆடாமல் முட்டுக்கொடுத்த கம்பு மாதிரி விறைத்து நின்றால் உங்கள் கை தூணாக மாறியிருக்கிறது என்று அர்த்தம். டேங்க்கை முட்டிகளால் அணைத்துப் பிடியுங்கள், வயிற்றை லேசாக இறுக்குங்கள், சீட்டில் ஓர் அங்குலம் பின்னால் தள்ளி உட்காருங்கள். பிறகு மீண்டும் முழங்கையை ஆட்டிப் பாருங்கள். இறக்கத்தில் உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டியது முட்டிதான். டேங்க் வழுக்கினால் இரண்டு பக்கமும் ரப்பர் கிரிப் ஒட்டிக்கொள்ளலாம். ரைசரைவிட மலிவு, பல சமயம் அதைவிட அதிகப் பலன்.

அடுத்து கிளட்ச், பிரேக் லிவர்களின் கோணம். கையை நேராக நீட்டி விரலை லிவர் மேல் வைத்தால், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரே கோடாக இருக்க வேண்டும். நிறைய வண்டிகளில் லிவர் மேலே தூக்கி நிற்கும். அதைப் பிடிக்கவே மணிக்கட்டை மடக்க வேண்டியிருக்கும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திச் சில பாகை கீழே திருப்புவது ஐந்து நிமிட வேலை. இதையெல்லாம் செய்து இரண்டு முறை மலை ஏறி இறங்கிய பிறகும் கை மரத்தால், சரி, ரைசர் பக்கம் போகலாம்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஹேண்டில்பார்?

கடையில் போய் "ரைசர் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் தவறான பொருள்தான் கிடைக்கும். சாவி போடும் இடத்தைச் சுற்றி, இரண்டு ஃபோர்க் குழாய்களின் தலைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு தட்டு இருக்கும். இந்தக் கட்டுரையில் அதை மேல் தட்டு என்றே சொல்கிறேன். இந்தக் கை ஓரத்திலிருந்து அந்தக் கை ஓரம் வரை ஒரே குழாயாக ஹேண்டில்பார் ஓடி, மேல் தட்டின்மீது இரண்டு கிளாம்ப்களுக்குள் உட்கார்ந்திருந்தால் அது ஒற்றைக் குழாய் ஹேண்டில்பார். இதற்கு ரைசர் போடுவது எளிது: கிளாம்ப்புக்கு அடியில் ஒரு கட்டை, நீளமான போல்ட், முடிந்தது. இங்கே பார்க்க வேண்டிய அளவு கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் குழாயின் விட்டம். சாதாரணக் குழாய் 22 மில்லிமீட்டர். நடுவில் பருத்து ஓரத்தில் மெலியும் வகை நடுவில் 28 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஒன்றுக்கு உரியது மற்றதில் உட்காராது.

ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது கிளிப்-ஆன். இடது வலது என்று இரண்டு தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றும் தன் பக்கத்து ஃபோர்க் குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும். இதில் ரைசர் என்றால், கவ்வும் வளையம் பழைய இடத்திலேயே இருக்க, கைப்பிடி மட்டும் மேலே ஏறியிருக்கும் புதிய துண்டு. சில வண்டிகளுக்கு மேல் தட்டின்மீது உட்காரும் தனிக் கட்டைகளும் வருகின்றன. வளையத்தின் உள்விட்டம் உங்கள் ஃபோர்க்கின் விட்டத்தோடு அச்சாகப் பொருந்த வேண்டும். 37, 41, 43 மில்லிமீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இந்தியாவில் ஆர்15-இன் மூன்றாம் பதிப்புக்கும் நான்காம் பதிப்புக்கும் ஃபோர்க்கே வேறு. அதனால் "ஆர்15-க்கு" என்று கேட்டால் போதாது. வளையம் கவ்வும் இடத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் உள்ளே தகடு சுற்றி இறுக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது அந்த வளையம் சுழன்றால் உங்கள் கையில் ஹேண்டில்பார் இருக்கும், வண்டி வேறு பக்கம் போகும்.

ஃபோர்க் குழாயைத் தட்டுக்கு மேலே கொஞ்சம் தள்ளி, அந்த இடத்தில் கிளிப்-ஆனைக் கவ்வவிடும் வழக்கமும் இருக்கிறது. புதியவர்கள் இதைத் தொடவே வேண்டாம். குழாய் மேலே போன அளவுக்கு வண்டியின் முன்பக்கம் தாழ்கிறது, ஸ்டீயரிங்கின் கோணம் மாறுகிறது; சௌகரியத்துக்காகச் செய்த வேலை வண்டியின் குணத்தையே மாற்றிவிடும். கிளிப்-ஆனை எடுத்துவிட்டு மேல் தட்டையே மாற்றி ஒற்றைக் குழாய் போடுவதும் உண்டு. அது தனி வேலை; கேபிள், பிரேக் ஆயில் போகும் ஹோஸ், சில சமயம் வண்டியின் முன்பக்கத்தை மூடும் கூடான ஃபேரிங் வரை மாற வேண்டியிருக்கும்.

சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. "ஓர் அலுமினியக் கட்டைதானே, கடைந்து தரச் சொல்லலாமே" என்று தோன்றுவது இயல்பு. நம் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சிக்கல் உலோகத்தில் இருக்கிறது. தரமான ரைசர்களை 6061-டி6 போன்ற பதப்படுத்திய அலுமினியத்தில் கடைகிறார்கள்; பழைய பொருள் கடையில் கிடைக்கும் துண்டு எந்த ரகம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. வெல்டிங் வைத்து உயர்த்துவது, ஒரு ரைசர் மேல் இன்னொன்றை அடுக்குவது, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு உயரம்?

முதல் முறை போடுபவருக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் ரைசரும் கிடைக்கிறது, ஆசையாகவும் இருக்கும். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் 25 பாகையை ஒட்டிப் பின்னால் சாய்ந்திருக்கும். ரைசர் அந்தச் சாய்வின் வழியேதான் ஏறும். 30 மில்லிமீட்டர் ஏற்றினால் நேர் மேலே கிடைப்பது சுமார் 27 மில்லிமீட்டர். கூடவே 13 மில்லிமீட்டர் அளவுக்கு நம் பக்கமும் வந்துவிடும். இந்தப் பின்னோக்கிய 13 மில்லிமீட்டர் முதுகுக்கு நல்லது. ஆனால் ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது கட்டை விரல் டேங்க்கில் நசுங்கவும் இதே காரணம் போதும். 50 போட்டால் இடம் இன்னும் குறையும், கேபிள்களும் நிச்சயம் போதாது.

எனக்கு எவ்வளவு வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டியைச் சாயாமல் நேராகப் பிடிக்கும் பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்காருங்கள். கைப்பிடியைத் தொடாமல், அதற்கு இரண்டு விரல் மேலே கையை வைத்துப் பிடியுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒருவரை போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பிறகு கைப்பிடியைப் பிடித்தபடி இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழங்கை மடங்கி, தோள் இறங்கி, கழுத்து தளர்வாகத் தெரிந்தால் அந்த இரண்டு விரல் உயரமே உங்களுக்குப் போதும். என் அனுபவத்தில் முதல் 20 மில்லிமீட்டர் தரும் நிம்மதியை அடுத்த 20 தருவதில்லை.

பொருத்துவதும், கேபிள் சொல்லும் கதையும்

பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். எந்தக் கேபிள் ஃபோர்க்குக்கு முன்னால் போகிறது, எது பின்னால் போகிறது என்று பிறகு நினைவிருக்காது. டேங்க் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஸ்பேனர் விழுந்தால் கீறல், பிரேக் ஆயில் சொட்டினால் பெயிண்டே உரிந்துவிடும். பிரேக் ஆயில் டப்பாவைத் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. உள்ளே காற்று ஏறிவிடும்.

ஒற்றைக் குழாய் வண்டியில் ரைசரோடு வரும் நீளமான போல்ட்டைத்தான் போட வேண்டும். பழைய போல்ட்டே எட்டுகிறது என்று இரண்டு சுற்று மட்டும் ஏற்றிவிடுவது ஆபத்து. அலுமினியத்துக்குள் மரை ஏறும் ஆழம் போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட் என்றால் 12 மில்லிமீட்டர். நேர் எதிரான தவறும் நடக்கும்: போல்ட் நீளம் அதிகமாகி ஓட்டையின் அடியில் முட்டி நிற்கும். கைக்கு நன்றாக இறுகியதுபோல் தெரியும், கிளாம்ப் இறுகியிருக்காது. ஒரு குச்சியை விட்டு ஓட்டையின் ஆழத்தை அளந்துகொண்டால் இந்தச் சந்தேகமே வராது. போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்கிறதா பாருங்கள்; எண்ணே இல்லாத போல்ட்டை இந்த இடத்தில் நம்பாதீர்கள். எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். இந்த இடத்து எம்8 போல்ட்டுகளுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடும் ரைசரோடு வந்த தாளும் என்ன சொல்கின்றனவோ அதுவே முடிவு.

இனிச் சொல்லப்போவதை மட்டும் படித்தாலும் போதும்.

முதல் முறை நான் ரைசர் போட்டபோது ஒரு பட்டறையில் கொடுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் முதுகு நிமிர்ந்தது, கை லேசானது, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலையிலேயே ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பாதி மலையில் ஓர் இடது கொண்டை ஊசி வளைவு. நாம் இடது ஓரமாகப் போவதால் இடது வளைவு நமக்கு உள்வளைவு, இருப்பதிலேயே இறுக்கமானது. மேலிருந்து ஒரு பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது, ஒதுங்கி நின்றேன். அது போனதும் ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்துக் கிளட்ச்சை விட்டேன். ஆக்சிலரேட்டரைத் திருகவே இல்லை, எஞ்சின் தானாகச் சீறியது. வண்டி ஓரச் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. விரல் கிளட்ச்சிலேயே இருந்ததால் சட்டென்று இழுத்து நிறுத்திவிட்டேன். கால் நடுங்கியது நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

நடந்தது இதுதான். ஹேண்டில் 30 மில்லிமீட்டர் ஏறியது, ஆக்சிலரேட்டர் கேபிளின் நீளம் அப்படியேதான் இருந்தது. நேராக ஓட்டும்போது அது போதுமானதாக இருந்தது. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் வலது கைப்பிடி எஞ்சினைவிட்டு முன்னால் விலகிப் போகும். கேபிள் விறைத்து, யாரோ ஆக்சிலரேட்டரைத் திருகியதுபோல் இழுக்கும். கிளட்ச் கேபிளுக்குப் பெரும்பாலும் இதற்கு எதிர்ப்பக்கம்: வலது பக்கம் முழுக்கத் திருப்பினால் விறைத்து, கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே நிற்கும்.

அதனால் ரைசர் போட்ட பிறகு, பட்டறையைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஹேண்டிலை மெதுவாக இடது கோடி வரை திருப்புங்கள், அங்கிருந்து வலது கோடி வரை. எஞ்சின் சத்தம் ஒரு துளியும் மாறக் கூடாது. மாறினால் கேபிள் பாதை தவறு அல்லது நீளம் போதவில்லை. பல சமயம் கேபிளைக் கட்டியிருக்கும் கிளிப்பிலிருந்து விடுவித்து, வேறு வழியாக வளைத்து விட்டாலே நீளம் கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால் நீளமான கேபிள்தான் வழி; அட்ஜஸ்டரை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு கோடியிலும் ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள்: டப்பென்று தானாகத் திரும்ப வேண்டும். கிளட்ச் லிவரின் நுனியில் கையேட்டில் சொன்ன அளவு ஆட்டம், பொதுவாக ஒரு சென்டிமீட்டரை ஒட்டி, இரண்டு கோடியிலும் இருக்க வேண்டும்.

பிரேக் ஹோஸை நிற்கும் வண்டியில் பார்த்தால் போதாது. முன்சக்கரம் தரையில் இருக்கும்போது ஃபோர்க் அமுங்கியிருக்கிறது. அதனால் ஹோஸ் தளர்ந்து தெரியும். முன்சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்டிருக்கும்போது இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எந்த இடத்திலும் கம்பி மாதிரி விறைக்கக் கூடாது. ஹோஸ் போதவில்லை என்றால் நீளமானது போட்டு, இணைப்பில் புதிய செம்பு வாஷர் வைத்து, காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியிலும் அநேகமாக இருக்கும். அந்த அமைப்பில் காற்று எடுக்கத் தெரிந்த பட்டறையில் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். சுவிட்ச்சுகளுக்குப் போகும் ஒயர்களையும் பாருங்கள். இழுபட்ட ஒயர் அன்றைக்கே அறுந்துவிடாது. ஆறு மாதம் திரும்பித் திரும்பி, ஒரு மழை நாளில் ஹாரனோ செல்ஃப் ஸ்டார்ட்டோ வேலை செய்யாமல் போகும்.

கடைசியாக, கோடிக்குக் கோடி திருப்பும்போது கைப்பிடிக்கும் டேங்க்குக்கும் இடையில், கையுறை போட்ட உங்கள் கட்டை விரலுக்கு இடம் இருக்கிறதா? லிவரோ பிரேக் ஆயில் டப்பாவோ வண்டியின் முன்கண்ணாடியான வைசரில் உரசுகிறதா? உரசினால் ஃபேரிங்கை வெட்டுவதைவிடக் குறைந்த உயர ரைசருக்கு மாறுவது நல்லது.

எதை இழக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை கொஞ்சம் பின்னால் போவதால் முன்சக்கரத்திலிருந்து கைக்கு வரும் உணர்வு கொஞ்சம் மங்கும். 20, 30 மில்லிமீட்டருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். பெங்களூரு நெடுஞ்சாலையில் நூறை ஒட்டிப் போகும்போது முன்பு வைசருக்கு மேல் போன காற்று இப்போது நெஞ்சில் அடிக்கும். நெடுஞ்சாலைதான் உங்கள் பாதி வாழ்க்கை என்றால் இதை யோசியுங்கள். மலையும் நகரமும்தான் அதிகம் என்றால் தயங்கவே வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ரைசர் போடுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடமும், வாரண்டி இருந்தால் ஷோரூமிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். என்றைக்காவது திரும்பப் போட வேண்டியிருக்கும்.

முதல் ஓட்டம் நேராக மலைக்கு வேண்டாம். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வரை சமவெளியில் போய், காலியான இடத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் பாருங்கள், இரண்டு முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். மே மாதக் கோடை விழா நெரிசலில் புது ஹேண்டிலோடு ஏற வேண்டாம். ஒரு சாதாரண வார நாள் காலை போதும்.

புது போல்ட்டுகள் முதல் நூறு கிலோமீட்டரில் அதிர்வில் கொஞ்சம் அமரும். அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து ரைசர் வரை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். என் வண்டியில் இருப்பது என் தங்கையின் சிவப்பு நெயில் பாலிஷ். ஏற்காடு ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தி, இறங்கத் தொடங்கும் முன் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்ப்பேன். எந்தக் கோடாவது உடைந்து விலகியிருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது. பையில் இருக்கும் ஆலன் கீயை எடுப்பேன். எல்லாம் நேராக இருந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்குவேன்.